நிழலுக்கு மூடும் மட்டி

கோயம்புத்தூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் தொலைவுதான். அந்த ஊரில், சிங்காநல்லூருக்கு அப்பால், தறிகள் நின்றுபோன ஒரு நீளக் கொட்டகைக்குள் பெர்பெத்துவா அக்கா ஒரு சின்னக் கடலையே வைத்திருந்தார். இடுப்பு உயரத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீல விளக்கு. வெளியே சித்திரை வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்க, உள்ளே காலடி வைத்ததும் உடம்பு குளிர்ந்து, பேச்சு தானாகத் தணிந்தது.

தரணிதரன் தன் மனைவி வஞ்சியின் கையைத் தன் முழங்கைக்குள் இடுக்கியபடி நின்றான். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவன் தொழில். வஞ்சிக்கு ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு கண்களின் நரம்பையும் பட்டுப்போக வைத்துவிட்டது. இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு. ஒரு நூற்பாலையில், ஓடுகிற நூலை விரலில் வாங்கியே தரம் சொல்கிற வேலை. பழுதான மோட்டாரைத் தூக்கிவர அந்த ஆலைக்குப் போன தரணியைக் குரலால் அறிந்து, கையால் அறிந்து, கல்யாணம் செய்துகொண்டு ஆறு வருடம். அவனை அவள் பார்த்ததில்லை.

பார்க்க வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் பின்மண்டைக்குள் கோதுமை மணியளவு சில்லு ஒன்று வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி வேண்டியது ஒரு மட்டி, உயிருள்ள கடல்சிப்பி.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க்கா," என்றாள் வஞ்சி. "கேமராவை வெச்சே காட்டலாமே. எதுக்கு மட்டி?"

பெர்பெத்துவா ஒரு தொட்டியின் ஓரத்தில் சாய்ந்துகொண்டார். தூத்துக்குடிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். உப்புத் தண்ணீரிலேயே ஊறிச் சுருங்கிய விரல்கள்.

"மொதல்ல கேமராவத்தாம்மா குடுத்தாவ. ஒரு வாரத்துல அத்தன பேரும் தலவலி, வாந்தின்னு கழத்திப் போட்டுட்டாவ. மிஷின் துடிப்ப மூளை ஒட்டவே விடல. உயிருள்ள கண்ணுல இருந்து வார துடிப்புன்னா ஏத்துக்கிடுது. மீன் கண்ணு பாத்தாவ, தவளக் கண்ணு பாத்தாவ. அதெல்லாம் ரொம்ப வெவரமான கண்ணு. தனக்கு வேண்டியத மட்டும் பொறுக்கி அனுப்பும். மட்டி அப்படி இல்ல. சிப்பிக்கு வெளிய நீலமா விரிஞ்சு கெடக்குல்லா ஒரு சத, நாங்க தோகைன்னு சொல்லுவோம், அது ஓரம் பூரா ஊசி முன மாதிரி நூத்துக்கணக்குல கண்ணு. ஒவ்வொண்ணும் வெளிச்சம் இருக்கு, வெளிச்சம் இல்ல, அவ்வளவுதான் சொல்லும். அதையெல்லாம் சேத்துப் படமா ஆக்குறது ஒன் மூளைதான்."

"அப்ப நான் பாக்கறது மட்டி பாக்கறதா, நான் பாக்கறதா?"

"அது சாமியார்ட்ட கேக்க வேண்டிய கேள்வி. நான் மட்டிக்காரி." பெர்பெத்துவா சிரித்தார். பிறகு தரணியின் பக்கம் திரும்பினார். "ஒங்க வீட்டுத் தொட்டியில தண்ணி ஓட ஆரம்பிச்சு எத்தன மாசமாச்சு தம்பி?"

"அஞ்சு மாசமுங்க. உப்பு ஏறாம எறங்காம ஒரே அளவுல நிக்குதுங்க. சூடு இருபத்தஞ்சு, இருபத்தாறு."

"அவசரப்படாத ஆளு. நல்லது. வாங்க, எடுப்போம்."

தரணியின் கண் ஒரு பெரிய மட்டியின்மேல் விழுந்திருந்தது. இரண்டு கை அகலம். மயில் கழுத்தைப் பிழிந்து ஊற்றியதுபோல் நீலம். அதைக் காட்டினான்.

"அது வேண்டாம். நடுவுல பாருங்க, வெளுத்துப் போய் கெடக்கு. தண்ணி இழுக்குத வாயும் பொளந்தே இருக்கு. இழுத்து மூட அதுக்குத் தெம்பில்ல. அழக வச்சு மட்டி எடுக்கக் கூடாது." அடுத்த தொட்டிக்குப் போனார். ஓர் உள்ளங்கையளவு மட்டியைக் காட்டினார். "இத பாருங்க. ஓட்டு ஓரத்துல வெள்ளையா புதுசா ஒரு கோடு ஓடுதா? வளந்துட்டு இருக்குன்னு அர்த்தம். தோக ஓட்டுக்கு வெளிய நல்லா வழியுதா? அடியில பாருங்க, அரிசி மாதிரி நத்த ஒட்டியிருந்தா வேண்டவே வேண்டாம், ராவோட ராவா உறிஞ்சிப் போடும். இதுல இல்ல. காலு கல்லப் புடிச்சிருக்கு. கல்லோடயே எடுக்கணும், பிச்சி எடுத்தா செத்துப் போவும். இப்ப கைய மேல கொண்டு போங்க."

தரணி கையை நீட்டினான். அவன் கையின் நிழல் தண்ணீரைத் தொட்ட நொடியில் மட்டி சட்டென்று மூடிக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் எம்பி அவன் மணிக்கட்டில் தெறித்தது.

"அவ்வளவுதான். இதுதான் உயிரு," என்றார் பெர்பெத்துவா. "நெழலுக்கு மூடுற வரைக்கும் மட்டிக்கு ஒண்ணுமில்ல. மூட மறந்துட்டுன்னா அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும்."

வஞ்சி தெறித்த தண்ணீரை அவன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தாள். "பயந்துக்குச்சா?" என்று கேட்டாள்.

---

அந்த மட்டி அவர்கள் வீட்டுக் கூடத்தில், கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, தரணி தன் கையால் குழாய் பூட்டிய தொட்டிக்குள் இறங்கியது. பையிலிருந்த தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்துதான் இறக்கினான். மூன்றாம் நாள் அது தட்டைக் கல்லைக் காலால் பற்றியது. அதன் பிறகு பெர்பெத்துவா வந்து, தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி இழையை அதன் அடியில் செருகி, இழையின் மறுமுனையைத் தொட்டியோரம் இருந்த சின்னப் பெட்டியில் பூட்டினார். பெட்டியின் துடிப்பு அந்த வீட்டுச் சுவர்களுக்குள்தான் எட்டும். வாசலைத் தாண்டினால் வஞ்சிக்குப் பழையபடிதான்.

தொட்டிக்கு மூன்றடி தள்ளி ஒரு தாழ்ந்த நாற்காலி போட்டிருந்தார்கள். வஞ்சி அதில் உட்கார்ந்தாள். மட்டி திறந்தது.

பிறகு, "பெருசா ஒண்ணு சுத்துது," என்றாள்.

"ஃபேன், கண்ணு."

"ஃபேனா?" ஒன்பது வயதுவரை எத்தனையோ ஃபேன் பார்த்தவள். இப்போது வாய் திறந்து, யாரோ தலைக்கு மேலே பூக்கூடையைச் சுற்றுவதுபோல் அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்தது நாம் பார்ப்பதுபோல் இல்லை. எல்லாம் நீலத்தில் நனைந்து வந்தது. எல்லாம் தண்ணீருக்கு மேலே மிதந்தது. சுவர் மூச்சு விட்டது. ஜன்னல், ஓரம் அலையும் ஒரு வெளிச்சத் துணி. அதில் ஒரு கருப்பு வந்து குதித்து, குதித்து, பறந்து போனால் அது காக்கை. கொடியில் காய்கிற சேலை அவளுக்கு ஒரு ஆறுபோலத் தெரிந்தது.

இரண்டாம் நாள், "அங்க ஒருத்தி உக்காந்திருக்கா," என்றாள் மெதுவாக.

"எங்க?"

"நாற்காலில." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். அங்கே உட்கார்ந்திருந்தவளும் தூக்கினாள். வஞ்சி கையை இறக்காமல் அப்படியே இருந்தாள். "ஏனுங்க, அது நான். நான் தொட்டிக்குள்ள இருந்து என்னையே பாத்துட்டு இருக்கேன்."

தூரத்தில் இருப்பது நிறமாகவும் அசைவாகவும்தான் தெரிந்தது. முகம் பிரிந்து தெரியவேண்டுமென்றால் ஒரு முழத்துக்குள் வரவேண்டும். தொட்டிமேல் தொங்கும் நீல விளக்கின் வெளிச்சத்துக்குள் குனிய வேண்டும். அங்கேதான் சங்கடம் வந்தது.

தரணி குனிந்தான். மட்டி மூடியது.

"இருட்டாயிடுச்சு," என்றாள் வஞ்சி.

விலகினான். நான்கு நிமிடம் கழித்துத் திறந்தது. மறுபடி, இம்முறை மெல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். மூடியது. அவள் தன் முகத்தைத்தான் பார்க்கலாமென்று தானே குனிந்து பார்த்தாள். அதற்கும் மூடியது. மட்டியின் கணக்கில் மேலே வருகிற நிழல் எல்லாமே கொத்த வருகிற மீன். அன்பாக வருகிற நிழல் என்று கடலில் ஒன்று இருந்ததில்லை.

நாட்கள் போயின. தரணி அந்த வீட்டில் சுவரோரமாக நடக்கப் பழகினான். அவள் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் அவசரமாகக் குறுக்கே போனால் அவளுடைய வானம் அணைந்துவிடும். ஆகவே குனிந்து போனான். தொட்டிக் கண்ணாடியில் பாசி வழிப்பது, சுண்ணச்சத்துக் கரைசல் விடுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாவற்றையும் அவள் ஆலைக்குப் போன பிறகு செய்தான். சாயங்காலம் அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் சமையலறைக்குள் ஒதுங்கினான். அவள் அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். மேகம் வந்தது, வெயில் சுவரில் ஏறியது, பக்கத்து வீட்டு அக்கா மாடியில் ஏதோ உதறுகிறாள். அவன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். அந்த வீட்டுக்குள் ஒரு வெளிச்சம் வந்ததிலிருந்து அவன்தான் அந்த வீட்டின் இருட்டு என்று ஆகிப்போனது.

ஒருநாள் பெர்பெத்துவா வந்தபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டான்.

"அக்கா, என்னைப் பாத்தா மட்டும் மூடாத மாதிரி அதைப் பழக்க முடியாதுங்களா?"

பெர்பெத்துவா வாசற்படியில் உட்கார்ந்தார். "பழகும். மட்டிக்கும் பழக்கம் உண்டு. தெனமும் ஒரே நேரம், ஒரே சட்ட, ஒரே எடம். ஆடாம நிக்கணும். அஞ்சு நிமிசம். ஆனா சீக்கிரம் ஆவாது தம்பி. ஆறு மாசம் ஆவும், ஒரு வருசமும் ஆவும். பழகுனாலும் வேகமா ஆடுத கைக்கு மூடத்தான் செய்யும்."

காயில் கட்டுகிறவனுக்குப் பொறுமை புதிதல்ல. மறுநாளிலிருந்து காலை ஏழரைக்கு, சாம்பல் நிறச் சட்டையில், தொட்டிமேல் குனிந்து நின்றான். மட்டி மூடியது. ஐந்து நிமிடமும் மூடியே இருந்தது. வஞ்சி இருட்டில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் கடைக்குப் போனான். இப்படி ஏழு வாரம்.

---

எட்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை.

தரணி வழக்கம்போல் வந்து குனிந்தான். வழக்கம்போல் அவள் "இருட்டு" என்று சொல்வாள் என்று காத்தான். அவள் சொல்லவில்லை.

"வஞ்சி?"

"பேசாதீங்க," என்றாள் அவள். "அப்படியே நில்லுங்க."

அவன் நின்றான். கீழே மட்டி திறந்தே கிடந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு மூக்கு கொஞ்சம் வளைஞ்சிருக்கு."

"சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது."

"சொல்லவே இல்லையே. காது ரெண்டும் எவ்வளவு பெருசு! வெளிச்சம் காது வழியா வருதுங்க." அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியில் வேறாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணுக்கும் அவள் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அதுதான் நனைந்தது.

அன்று அவன் கடைக்குப் போகவில்லை. அவள் ஆலைக்குப் போகவில்லை. அவன் குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது. சாப்பிட்டான், வந்து குனிந்தான். பேசினான், வாயசைவதை அவள் பார்த்தாள். அவன் தாடையைச் சொறிந்தால், "ஏன் சொறியறீங்க?" என்று கேட்டாள். பிறகு அவனை விலகச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து தன் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதில் விட்ட முகம். அதை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது. எழுந்தபோது, "அம்மா மாதிரி ஆயிட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலையே தரணிக்குத் தெரிந்துவிட்டது.

அவள் குளிக்கப் போயிருந்தாள். அவன் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். தோகையின் வலது ஓரம், ஈரத் துணியை யாரோ கிள்ளிச் சுருட்டியதுபோல் உள்வாங்கியிருந்தது. நேற்று அப்படி இல்லை. தண்ணீர் இழுக்கும் வாய் பிளந்திருந்தது. கையை மேலே கொண்டுபோய் வேகமாக ஆட்டினான். மட்டி மெல்ல, தூக்கத்தில் புரள்வதுபோல், கொஞ்சம் அசைந்தது. மூடவில்லை.

பழகிய மட்டி வேகமாக ஆடுகிற கைக்கு மூடியிருக்கும். இது பழக்கமில்லை. இது நோய்.

போனை எடுத்தான். பெர்பெத்துவாவின் பெயரைத் தொட்டால் போதும். குளியலறையிலிருந்து வஞ்சி பாட்டு முணுமுணுப்பது கேட்டது. ஆறு வருடத்தில் அவள் பாடி அவன் கேட்டதில்லை. நாளைக்குக் கூப்பிடலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை அவன் குனிந்து நிற்கையில் அவள் அவன் இமைகளை எண்ணினாள், எத்தனை முறை மூடித் திறக்கிறான் என்று. சனிக்கிழமை அவன் அழகாக இருப்பதாகச் சொன்னாள். யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. வலது ஓரத்தின் சுருக்கம் பாதித் தோகைக்கு வந்திருந்தது. ஒவ்வொரு முறை அவன் முகத்தைத் தண்ணீருக்குக் காட்டியபோதும், கீழே அந்த உயிர் தன்னை மூடிக்கொள்ளக்கூட முடியாமல், பயந்து, திறந்து கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்தான். அவளுக்குத் தெரிய வேண்டியது அந்தச் சிரிப்புதான்.

ஞாயிறு காலை வந்தது. அவன் சாம்பல் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது வஞ்சி நாற்காலியில் இல்லை. கீழே, தொட்டியின் காலருகே, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்காவுக்கு போன் பண்ணுங்க," என்றாள்.

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். பிறகு, "வஞ்சி, உன்னட்ட ஒண்ணு சொல்லோணும். வியாழக்கிழமையே எனக்கு..."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை காலைல நீங்க வந்து குனியறதுக்கு முன்னாடியே ஜன்னல் காணாமப் போயிடுச்சு. அந்த மூலை வெறும் சாம்பலா இருந்துச்சு. சொல்லலாமுன்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க வந்து நின்னீங்க. வெள்ளிக்கிழமை சுவரு போச்சு. நேத்து ஃபேனு பாதி போச்சு." அவள் கை தொட்டிக் கண்ணாடியைத் தடவியது. "ஒவ்வொண்ணா போய்ட்டே இருந்துச்சு. நீங்க நடுவுல இருந்தீங்க. நடு போறதுக்குள்ள பாத்துக்கலாமுன்னு இருந்துட்டேன்."

தரணி அவளருகே தரையில் உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. சொல்ல முடியாத அளவுக்குச் சரிசமமாக இருந்தது. தொட்டிக்குள் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவன் போனை எடுத்தான்.

---

பெர்பெத்துவா ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். கையில் ஒரு வாளி, ஒரு தெர்மாமீட்டர், காரத்தன்மை பார்க்கிற கருவி. மட்டியைப் பார்த்தார். வியாழக்கிழமையிலிருந்து நடந்ததை வஞ்சி சொல்லச் சொல்லக் கேட்டார்.

"கிள்ளு நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோகையில புகுந்திருக்கு. நல்ல தண்ணியில அர மணி நேரம் போடணும். உப்பில்லாத தண்ணியில பூச்சி வெடிச்சுச் சாவும். மட்டி தாங்கணும். தாங்கும், தாங்காமலும் போவும். வியாழக்கெழமையே சொல்லியிருந்தா இவ்வளவு யோசிக்க மாட்டேன்."

வாளித் தண்ணீரைத் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கும் காரத்துக்கும் கொண்டுவர நேரம் பிடித்தது. பிறகு பெட்டியின் விசையில் விரல் வைத்தார். "இத அணைச்சிருதேன் தாயி. உள்ள வார துடிப்பு நல்லா இருக்காது."

"அணைக்க வேண்டாமுங்க."

"அதுக்கு நீ கூட இருக்கன்னு தெரியாதும்மா. மட்டிக்கு அதெல்லாம் கெடையாது."

"எனக்குத் தெரியுமில்லீங்களா."

பெர்பெத்துவா விசையை விட்டார். மட்டியைக் கல்லோடு அள்ளி, இழை அறுந்துவிடாமல் வாளிக்குள் இறக்கினார். வஞ்சி நாற்காலியில் நிமிர்ந்தாள். தரணி அவள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டான்.

"வெள்ளை," என்றாள் சற்றுக் கழித்து. "எல்லாப் பக்கமும் வெள்ளை. பாலுக்குள்ள போட்ட மாதிரி." பிறகு பல்லைக் கடித்தாள். "குத்துது."

"அணைச்சுடட்டுமா கண்ணு?"

"வேண்டாம்."

அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. பெர்பெத்துவா வாளியையே பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததுபோல் பேசினார்.

"நாப்பத்தி மூணு வீட்டுல என் மட்டி இருக்கு. ஒம்போது செத்துப் போச்சு. மொதல்ல எனக்குப் புரியல. கவனிக்காத வீட்டுல சாவலியே, நல்லா பாத்துக்கிடுத வீட்டுலயாக்கும் சாவுது! அப்புறம்தான் ஒவ்வொரு வீடா உக்காந்து கேட்டேன். மூடலைன்னதும் சந்தோசப்பட்டுருக்காவ. பெத்த பிள்ள மொகத்த ஒருத்தி மொதத் தடவ பாக்கா. அவ எனக்கு போன் பண்ணுவாளா? அஞ்சு நாள் பாத்திருக்கா. ஆறாம் நாளு மட்டி செத்துச்சு. அவள நான் என்னன்னு ஏச?" புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "வியாபாரத்த விட்டுறலாமான்னு இருக்கு. மட்டி விக்கும்போதே இதச் சொல்லிப் பாத்தாச்சு. எல்லாரும் தலைய ஆட்டுவாவ. ஒங்க ரெண்டு பேரு மாதிரி நாலாம் நாளு போன் பண்ணுனவுக இன்னும் நாலஞ்சு பேரு இருக்காவ. அவ்வளவுதான்."

இருபதாவது நிமிடத்தில் வஞ்சியின் தோள் தளர்ந்தது. "போச்சு," என்றாள். "ஒண்ணும் வர்ல."

அரை மணி முடிந்ததும் பெர்பெத்துவா மட்டியை அள்ளித் தொட்டிக்குள் அதே இடத்தில் வைத்தார். அது பாதி மூடிய நிலையில், கல்லைப்போல் கிடந்தது.

பதினோரு நாள் அப்படியே கிடந்தது. வஞ்சி ஆலைக்குப் போனாள், வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். தரணி தினமும் தண்ணீரைச் சோதித்தான். அந்தப் பதினோரு நாளும் வீட்டின் நடுவில் நிமிர்ந்து நடக்கலாம், எதுவும் அணையாது. ஆனாலும் அவன் சுவரோரமாகத்தான் நடந்தான்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், அவன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். சத்தமாகக் கூட இல்லை.

"காக்கா வந்திருக்குதுங்க."

---

வலது ஓரத்தில் ஒரு துண்டு திரும்பவே இல்லை. ஜன்னலில் பாதிதான் அவளுக்குத் தெரிந்தது. காக்கை அந்தப் பாதியிலிருந்து மறு பாதிக்குக் குதித்தால் காணாமல் போகும். அதற்கும் அவள் பழகிக்கொண்டாள்.

மட்டி முன்போலவே தரணியைக் கண்டதும் மூடியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். காலை ஏழரை, ஐந்து நிமிடம். ஆடி போய் ஐப்பசி மழை வந்தது. மார்கழியில் ஜன்னலை அடைத்துத் தொட்டிக்குச் சூடு வைத்தான். அவள் இருட்டில் உட்கார்ந்து ஆலைக் கதை சொன்னாள். அவன் குனிந்து நின்று கேட்டான். சில நாள் இரண்டு பேருக்குமே பேச ஒன்றும் இருக்காது. சும்மா இருந்தார்கள்.

மாசியில் ஒரு காலை. கூடத்தில் இளவெயில் தரையெல்லாம் பரவியிருந்தது. தரணி வந்து குனிந்தான்.

அவள் "இருட்டு" என்பதற்குக் காத்தான்.

"தெரியறீங்க," என்றாள் வஞ்சி.

அவன் அசையவில்லை. அவள் குரலில் மகிழ்ச்சி இல்லை. தோகையைப் பார்த்தான். ஓரம் விரிந்திருந்தது. வாய் இறுக்கமாக இருந்தது. நிறம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, தான் ஆசைப்படுகிற இடத்தில் தன் கண் என்ன சொல்லும் என்பதை அவன் நம்புவதில்லை.

"ஜன்னல்?"

"இருக்கு. பாதி. ஃபேன் முழுசா இருக்கு. சுவரு இருக்கு." மூச்சு விட்டாள். "நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு எல்லாம். ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அக்காவைக் கூப்பிடட்டுமா?"

"அதுக்கு முன்னாடி கையை ஆட்டுங்க. வேகமா."

"ஆட்டினா மூடிக்கும் வஞ்சி. மறுபடி எப்பத் திறக்குமோ."

"மூடோணும். மூடினாத்தான் அது நல்லா இருக்கு."

அவன் கையைத் தூக்கினான். தூக்கியவன் நிறுத்தினான். "இன்னொரு நிமிசம் பாத்துக்கறயா?"

வஞ்சி யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். அவன் முகத்தை, அவன் தலைக்கு மேல் எரிகிற நீலத்தை, காத்திருக்கிற அந்தக் கையை, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள் போலும்.

"வேண்டாமுங்க," என்றாள். "ஆட்டுங்க."

தரணி கையை வீசினான்.

மட்டி படாரென்று மூடியது. தண்ணீர் எம்பி அவன் கன்னத்திலும் சட்டையிலும் அடித்தது. அவன் பின்வாங்கினான். நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்துத் திரும்பினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையையும் முழங்காலில் தட்டித் தட்டி.

"கும்மிருட்டு!" என்றாள்.

அவனுக்கும் சிரிப்பு வந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான். அவள் தேடி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். வெயில் மெதுவாகத் தரையில் நகர்ந்தது. இரண்டு பேரும் அது திறக்கக் காத்திருந்தார்கள்.